பவளம் வாங்குமுன் புத்தகம்

பெங்களூரு கடலுக்குத் தொலைவான நகரம். கிழக்கே சென்னைக் கடலும் மேற்கே மங்களூர்க் கடலும் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. நகரமோ கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் அமர்ந்திருக்கிறது. ஆயினும் இந்நகரத்து அடுக்குமாடி வீடுகள் சிலவற்றின் வரவேற்பறைகளில் சிறு கடல்கள் குடியேறியுள்ளன. நீல விளக்கின் கீழ் அசையும் பவளங்கள், அவற்றினூடே நீந்தும் கோமாளி மீன்கள். இங்குள்ள தட்பவெப்பமும் இதற்குத் துணை நிற்கிறது. பவளம் விரும்பும் 24 முதல் 27 பாகை செல்சியஸ் வெப்பநிலையை, கோடையின் சில வாரங்கள் நீங்கலாக, அதிகச் செலவின்றி இங்கே பேண முடிகிறது.

இதைப் பற்றி வங்கியின் இதழில் எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கக்கூடும். சென்ற ஆண்டு எங்கள் கிளைக்கு ஓர் இளைஞர் தனிநபர் கடன் கேட்டு வந்தார். நல்ல சம்பளம், ஒழுங்கான கணக்கு, மறுப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. எதற்காகக் கடன் என்று கேட்டபோது, பவளத் தொட்டி வைப்பதற்காக என்றார். தொட்டிக்கு இவ்வளவு, விளக்குக்கு இவ்வளவு, பம்புக்கு இவ்வளவு, பவளங்களுக்கு இவ்வளவு என்று மதிப்பீட்டுத் தாள் ஒன்றையும் காட்டினார். ஒரு லட்சம் ரூபாயில் கணக்கு முடிந்திருந்தது. “இதைப் பற்றி என்ன படித்திருக்கிறீர்கள்?” என்று கேட்டேன். “வீடியோ நிறையப் பார்த்திருக்கிறேன், சார்” என்றார். புத்தகம் ஏதும் வாங்கவில்லையா என்றதற்கு, “எந்தப் புத்தகம் வாங்கலாம், சார்? எல்லாமே விலை அதிகமாக இருக்கிறதே” என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்விக்கான விடையாகவே இக்கட்டுரையைக் கொள்ளலாம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். வணிகவியல் படித்தவனுக்கு வேறு வழி இல்லை. ஒரு லட்சம் ரூபாயை ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில் மூன்று ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 3,321 ரூபாய். 36 தவணைகளும் கட்டி முடியும்போது வட்டி மட்டும் 19,500 ரூபாயைத் தாண்டியிருக்கும். அறியாத கைகளில் விழுந்த பவளமோ மூன்று வாரங்கள்கூடத் தாங்குவதில்லை. தொட்டி வெறுமையாகி, மாடியில் கவிழ்த்து வைக்கப்பட்ட பின்னும் தவணை மாதந்தோறும் வந்துகொண்டிருக்கும். ஒரு புத்தகத்தின் விலை, அது வெளிநாட்டுப் புத்தகமாகவே இருந்தாலும், முதல் மாதத் தவணையை எட்டுவது அரிது. ஆகவே விலை அதிகம் என்று புத்தகத்தைத் தவிர்ப்பதில் கணக்கு இல்லை. எந்தப் புத்தகம் என்பதில்தான் சிக்கல்.

பவளம் வளர்ப்பு ஏன் இவ்வளவு அறிவைக் கேட்கிறது? பவளம் செடியன்று, கல்லும் அன்று. பாலிப் எனப்படும் சிறு விலங்குகள் கூட்டமாக வாழ்ந்து, கடல்நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பை எடுத்துத் தம் கூட்டைத் தாமே கட்டிக்கொள்கின்றன. அவற்றின் உடலுக்குள் ஒருவகை நுண்பாசி குடியிருந்து ஒளியைக் கொண்டு உணவு சமைத்துத் தருகிறது. வெப்பம் அளவு மீறினால் இந்தக் குடித்தனம் கலைந்துவிடும், பாசி வெளியேறும், பவளம் வெளுத்துப் பட்டினியால் மடியும். கடலிலேயே 1998, 2010, 2016 ஆண்டுகளில் இது உலக அளவில் நிகழ்ந்தது. 2024 ஏப்ரலில் நான்காவது உலகளாவிய வெளுப்பு அறிவிக்கப்பட்டது. பெருங்கடலுக்கே தாங்க முடியாத மாற்றத்தை 200 லிட்டர்த் தொட்டி எப்படித் தாங்கும்? மின்தடை வந்த ஒரு பகல்பொழுது போதும்.

1846ஆம் ஆண்டில் அன்னா தின் என்ற ஆங்கிலப் பெண்மணி டார்க்கி கடற்கரையிலிருந்து உயிருள்ள கல் பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்து வீட்டில் வளர்த்தார். காற்றேற்றும் கருவி இல்லாத காலம். பணிப்பெண் நாள்தோறும் அந்த நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு ஆற்றிக்கொண்டே இருந்தாள், நாம் காபி ஆற்றுவதைப்போல. அன்னாவிடம் வழிகாட்டிப் புத்தகம் எதுவும் இல்லை. அவர் செய்து பார்த்ததுதான் பிறருக்குப் புத்தகமாயிற்று. பின்னர் 1854இல் ஃபிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கையியலாளர் மீன்தொட்டியைப் பற்றி ஓர் அழகான நூல் எழுதினார். அதைப் படித்தவர்கள் கூட்டங்கூட்டமாகக் கடற்கரைக்குப் போய்ப் பாறைக் குட்டைகளில் இருந்தவற்றை எல்லாம் வாரிக்கொண்டு வந்தார்கள். தந்தையின் புத்தகமே அந்தக் குட்டைகளை வெறுமையாக்கியதை அவருடைய மகன் எட்மண்ட் 1907இல் வெளிவந்த தம் நூலில் வருத்தத்தோடு பதிவு செய்தார். ஒரு கைப்புத்தகத்தால் இவ்வளவு ஆகும் என்பதை நான் அதிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். வளர்க்கும் வகையை மட்டும் சொல்லி, எங்கிருந்து எடுக்கலாம், எங்கிருந்து எடுக்கலாகாது என்பதைச் சொல்லாமல் விடும் நூல் பாதி நூல்தான்.

நம் நாட்டு வாசகருக்கு இந்தப் பாதி மிகவும் முக்கியமானது. சந்தையில் கிடைக்கும் பவள வளர்ப்பு நூல்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் எழுதப்பட்டவை. அங்கே கடைக்குப் போய்க் கல் பவளத் துண்டு ஒன்றை வாங்கிவருவது இயல்பான செயல். நூலும் அந்த எண்ணத்திலேயே எழுதப்பட்டிருக்கும். இங்கே அவ்வாறில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் அட்டவணையில் 2001ஆம் ஆண்டிலேயே பவளங்கள் சேர்க்கப்பட்டுவிட்டன. பாறை கட்டும் கல் பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளங்கள் அனைத்தும், கடல் விசிறிகள் அனைத்தும், நெருப்புப் பவளமும், குழல் பவளமும் அதில் அடங்கும். புலிக்கும் யானைக்கும் உரிய அட்டவணை அது. மீறினால் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாத, ஏழு ஆண்டுகள் வரை நீளக்கூடிய சிறைத்தண்டனை உண்டு. 2022இல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தபோது குறைந்த அபராதத் தொகையும் 25,000 ரூபாயாக உயர்ந்தது. உலர்ந்து வெளுத்த பவளத்துண்டுகளையும் வனத்துறையும் சுங்கத்துறையும் பறிமுதல் செய்கின்றன. கடற்கரைக் கடையில் நினைவுப் பொருளாக வாங்கினேன் என்பது விடையாகாது.

இதை அச்சுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. தொட்டி வைத்திருப்பவர்களுள் பலர் நல்லவர்கள், படித்தவர்கள். அவர்களில் எத்தனை பேருக்கு இச்சட்டம் தெரியும் என்பதே என் ஐயம். வெளிநாட்டு நூலின் வண்ணப் படத்தைக் காட்டி “இதே மாதிரி ஒன்று வேண்டும்” என்று கடைக்காரரிடம் கேட்கும்போது, தாம் கேட்பது எதை என்பதை அவர்கள் உணர்வதில்லை. ஆகவே எந்த நூலை வாங்கினாலும், அட்டவணையில் உள்ள இந்த ஐந்து வகைகளையும் ஒரு தாளில் எழுதி முதல் பக்கத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஆங்கில நூல்கள் மூன்று பெயர்களால் பவளங்களைப் பகுக்கும்: சிறு பாலிப் கல் பவளம், பெரும் பாலிப் கல் பவளம், மென்பவளம். முதல் இரண்டும் நம் நாட்டில் சட்டத்தின் காவலுக்குள் இருப்பவை. நூலில் பாதிக்கு மேற்பட்ட படங்கள் அவையாகவே இருக்கும். அவற்றைப் பார்த்து மகிழலாம், அவ்வளவே.

மென்பவளங்கள் அந்த அட்டவணையில் இல்லை. தோல் பவளம், காளான் பவளம், பொத்தான் பாலிப் என்று வழங்கும் சில இனங்களும் அவ்வாறே. (மென்மையாகத் தோன்றும் கடல் விசிறி மட்டும் அட்டவணைக்குள் இருப்பதை மறக்கலாகாது.) ஆனால் அட்டவணையில் இல்லை என்பதாலேயே எந்த வழியிலும் வாங்கலாம் என்று பொருளன்று. அயல்நாட்டிலிருந்து வந்ததென்றால் இறக்குமதி அனுமதியும் நோய்த்தடுப்புச் சோதனைச் சான்றும் இருந்திருக்க வேண்டும். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவிலிருந்து எதையும் எடுத்துவரக் கூடாது. ரசீது தராத கடையில் வாங்காதீர்கள் என்று நகைக்கும் மின்சாதனத்துக்கும் நாம் சொல்வது இதற்கும் பொருந்தும். ஐயம் இருந்தால் வனத்துறை அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்பது நல்லது.

இனி நூலைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு வருவோம். கடையில் நூலைக் கையில் எடுத்ததும் வண்ணப் படங்களைப் புரட்டுவது எல்லோருக்கும் இயல்பு. அதற்கு மாறாக, தண்ணீரைப் பற்றி எத்தனை பக்கங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா தோன்றி, நைட்ரைட்டாகி, நைட்ரேட்டாக மாறும் சுழற்சியை நூல் விளக்குகிறதா? புதிய தொட்டியில் அந்தச் சுழற்சி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும், அதுவரை பவளத்தை இறக்காதே என்று கண்டிப்பாகச் சொல்கிறதா? உப்புச் செறிவு லிட்டருக்கு 35 கிராம், கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம், காரத்தன்மை இவ்வளவு, மக்னீசியம் இவ்வளவு என்று எண்களைத் தருவதோடு நில்லாமல், ஒன்று குறைந்தால் மற்றொன்று என்னாகும் என்பதையும் சொல்கிறதா? இவை இருந்தால் படமே இல்லாவிட்டாலும் அது நல்ல நூல். இவை இல்லாமல் 300 படங்கள் இருந்தால் அது நாட்காட்டி.

இன்னொரு சோதனையும் உண்டு. பொத்தான் பாலிப்புகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. அவை ஒட்டியிருக்கும் கல்லைக் கொதிநீரில் இட்டோ பிரஷ்ஷால் தேய்த்தோ சுத்தம் செய்யப்போய், எழுந்த ஆவியால் வீட்டிலுள்ளோர் அனைவரும் மருத்துவமனைக்குப் போன நிகழ்வுகள் வெளிநாடுகளில் நடந்துள்ளன. தொடக்க நிலையாளருக்கு விற்கப்படும் மலிவான இனமும் இதுவே என்பதால், இந்த எச்சரிக்கையும் கையுறை, கண்ணாடி அணியும் அறிவுரையும் நூலில் இருக்கின்றனவா என்று தேடிப் பார்க்க வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது மிகவும் முக்கியம். 2001க்கு முற்பட்ட சில நூல்களில் இதைப் பற்றி மிகக் குறைவாகவே காண்கிறோம். இங்கே மட்டும் புதிய நூல் பழையதை வெல்கிறது.

மற்ற வகையில் பழைய நூல்களின் பக்கமே நான் நிற்கிறேன். எனக்குத் தொட்டி கிடையாது. ஆனால் இவ்வகைப் பழைய புத்தகங்கள் மூன்று என் அலமாரியில் உண்டு. இத்துறையில் விரைவாகப் பழசாகிப் போவது விளக்கைப் பற்றிய அத்தியாயம். உலோக ஹாலைடு விளக்குகளையும் குழல் விளக்குகளையும் பற்றி அந்நாளில் பக்கம் பக்கமாக எழுதினார்கள்; இன்று எல்.ஈ.டி. வந்து அவற்றை ஒதுக்கிவிட்டது. அதனாலேயே பழைய பதிப்புகளின் விலை சரிந்தது. ஆனால் தண்ணீரின் வேதியியல் மாறவில்லை. பவளத்தின் உடலும் மாறவில்லை. விளக்கு அத்தியாயத்தைக் கடந்து சென்றுவிட்டால், கால் விலையில் முழு அறிவும் கிடைக்கிறது. பயன்படுத்திய காரை வாங்குகிறவர் எந்தப் பாகம் தேய்ந்திருக்கிறது என்று தெரிந்து வாங்குவதுபோல இதையும் வாங்க வேண்டும்.

எவற்றை வாங்கலாம்? மார்ட்டின் மோ 1982இல் எழுதிய கடல்நீர்த் தொட்டிக் கைப்புத்தகம் பவளத்துக்கென்று எழுதப்பட்டதன்று. ஆனால் அவர் மீன்வள உயிரியலாளர். கடல் மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்வித்தவர். உப்புநீரின் அடிப்படையை அவரிடம் கற்பது எளிது. மைக்கேல் பலெட்டாவின் ‘தி நியூ மரைன் அக்வேரியம்’, 1999இல் வந்தது, முற்றிலும் புதியவருக்காகவே படிப்படியாக எழுதப்பட்டது; முதல் நூலாக ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் இதைத்தான் சொல்வேன். பவளத்தை மட்டுமே எடுத்துக்கொண்டு விரிவாகப் பேசுவது எரிக் போர்ன்மன் 2001இல் எழுதிய ‘அக்வேரியம் கோரல்ஸ்’. நானூறு பக்கங்களுக்கு மேல் வரும் அந்நூலைத் தொட்டி வைத்து ஓராண்டு கழிந்தவர் வாங்கினால் போதும். ஜூலியன் ஸ்பிரங், சார்லஸ் டெல்பீக் இருவரும் 1994, 1997, 2005 ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட ‘தி ரீஃப் அக்வேரியம்’ இத்துறையின் பெரும் படைப்பு. அதன் விலையும் பெரியது. புதியவருக்கு அது தேவையே இல்லை. மூன்று தொகுதிகளையும் வாங்கி அடுக்கிவிட்டு ஒன்றையும் முடிக்காதவர்கள் இருக்கிறார்கள். முழுதும் படித்து முடிக்கக்கூடிய ஒரு நூலே மலிவான நூல் என்பது என் கருத்து.

இவற்றைப் புதிதாக வரவழைத்தால் அஞ்சல் செலவும் சேரும். சர்ச் தெருவில் பிளாசம், புக்வோர்ம் போன்ற கடைகளின் பழைய புத்தக அடுக்குகளையும், பிரிகேட் சாலைச் சந்திலுள்ள செலக்ட் புத்தகக் கடையையும் பொறுமையாகத் துழாவினால் எப்போதாவது அகப்படும். கேட்டு வைத்துவிட்டு வரலாம். பழைய புத்தகக் கடைக்காரர்களின் நினைவாற்றல் நம் கணினியைவிட நம்பத்தக்கது.

அமெரிக்க நூல்களைப் படிக்கும்போது சில மாற்றங்களை மனத்தில் இருத்த வேண்டும். அங்கே அளவை கேலன். ஒரு கேலன் 3.785 லிட்டர். வெப்பம் பாரன்ஹீட்டில் இருக்கும். 78 என்று எழுதியிருந்தால் நமக்கு 25.5. கருவிகள் 110 வோல்ட்டுக்கு உரியவை. நமது மின்சாரம் 230. தண்ணீரின் விஷயத்தில் நூலுக்கும் நம் வீட்டுக்கும் இன்னும் தொலைவு அதிகம். எதிர்ச் சவ்வூடு முறையில், அதாவது ஆர்.ஓ. முறையில், வடித்த நீரைப் பயன்படுத்து என்று எல்லா நூல்களும் சொல்லும். நம் சமையலறையில் ஆர்.ஓ. கருவிதான் இருக்கிறதே என்று பலர் அந்நீரையே எடுத்துவிடுகிறார்கள். குடிநீருக்கான அக்கருவிகளில் பல, சுவைக்காகக் கொஞ்சம் வடிக்காத நீரையோ தாதுக்களையோ திரும்பக் கலக்கின்றன. நூல் கேட்பது கரைபொருள் அளவு ஏறத்தாழ சுழியமாக உள்ள நீர். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டரைக் கொண்டு அளந்து பார்த்தால் வேறுபாடு விளங்கிவிடும். ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியிருக்கும் புறநகர்க் குடியிருப்புகளில் இது இன்னும் கவனிக்க வேண்டிய செய்தி.

தண்ணீர் என்றதும் அளவும் நினைவுக்கு வருகிறது. 200 லிட்டர்த் தொட்டிக்கு வாரம் பத்து விழுக்காடு நீரை மாற்றினால் 20 லிட்டர். ஆவியாவது நாளொன்றுக்கு 2 லிட்டர் என்று வைத்தால் வாரம் 14 லிட்டர். ஆக 34 லிட்டர் தூய நீர். ஒரு லிட்டர் வடிக்க மூன்று லிட்டர் கழிவாகும் கருவி என்றால், ஆண்டுக்கு ஐயாயிரம் லிட்டருக்கு மேல் வீணாகும். ஏறத்தாழ ஒரு சிறு டேங்கர் லாரி. 2024 கோடையில் டேங்கருக்காக இந்நகரம் காத்துக்கிடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். காவிரி நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டுக்கு ஏற்றப்பட்டு நம் குழாய்க்கு வருகிறது. கழிவு நீரைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் எடுத்துவைக்கும் வழக்கம் இல்லாத வீட்டில் இந்தப் பொழுதுபோக்கு வேண்டாம் என்றே சொல்வேன். உப்புக் கலவை வாரம் 700 கிராம் வீதம் ஆண்டுக்கு 36 கிலோ. நூறு வாட் விளக்கு ஒன்பது மணி நேரமும், நாற்பது வாட் பம்புகள் நாள் முழுதும் ஓடினால் மாதம் சுமார் 56 யூனிட் மின்சாரம். வாடிக்கையாளர் கொண்டுவரும் மதிப்பீட்டுத் தாளில் இந்த வரிகள் இருப்பதே இல்லை. நல்ல நூலில் இருக்கும். முதலீட்டுக்கும் நடப்புச் செலவுக்கும் உள்ள வேறுபாட்டைப் பவளத்தைவிடக் கடுமையாகக் கற்பிக்கும் ஆசிரியர் வேறில்லை.

இதுவரை சொன்னவை எல்லாம் அயல்நாட்டு நூல்கள். பவளத்தை அறிய விரும்புவோருக்கு இலவசமாகவே கிடைக்கும் நம் நாட்டுச் செல்வம் ஒன்று உண்டு. இந்திய விலங்கியல் அளவாய்வகம் 2003இல் இந்தியக் கல் பவளங்களுக்கென்று ஒரு கையேட்டை வெளியிட்டது. 1947இல் தொடங்கப்பட்ட மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தன் ஆய்வுக் கட்டுரைகளை இணையக் களஞ்சியத்தில் யாரும் எடுத்துப் படிக்கும்படி வைத்திருக்கிறது. கோபிநாதப் பிள்ளை மண்டபத்திலும் பாம்பனிலும் நீருக்குள் இறங்கிப் பவள இனங்களை வகைப்படுத்தி எழுதியவை அவற்றுள் அடக்கம். ஆஸ்திரேலிய அறிஞர் வெரன் 2000இல் மூன்று பெருந்தொகுதிகளாக வெளியிட்ட உலகப் பவளங்களின் விளக்கமும் இப்போது இணையத்தில் கிடைக்கிறது. இவை தொட்டி வைக்கச் சொல்லித்தரா. ஆனால் விற்பனையாளர் மென்பவளம் என்று சொல்லி நீட்டுவது உண்மையில் கல் பவளமா என்று கண்டறிய இவைதான் உதவும். சட்டத்தின் வழியில் நிற்க விரும்புவோருக்கு வளர்ப்பு நூல் ஒரு கை என்றால் இவை மறு கை.

மன்னார் வளைகுடாவைப் பற்றி இங்கே சற்று நின்று பேச வேண்டும். தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள். 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அங்கே 117 வகைக் கல் பவளங்கள் பதிவாகியுள்ளன. அதற்கு முன்பும் பின்பும் பல பத்தாண்டுகளாகச் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளப்பாறைகளை வெட்டி வண்டி வண்டியாகக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அலையைத் தடுத்த பாறை போனபின் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடல்மட்டத்துக்குக் கீழே போய்விட்டன. வெட்டியவர்களைப் பழிப்பதில் பயனில்லை. அது அவர்களுக்குக் கூலி வேலை. ஒரு தொட்டிக்குள் வைக்கும் துண்டினால் தீவு மூழ்காது என்பதும் உண்மை. ஆனால் 2001இன் சட்டம் எதற்காக வந்தது என்று கேட்பவருக்கு அந்த இரண்டு பெயர்களைச் சொல்லலாம்.

இன்னொரு செய்தியும் பலருக்குத் தெரியாது. பவளப்பாறைகளைப் பற்றிய உலக அறிஞர்களின் முதல் பன்னாட்டுக் கருத்தரங்கு என்று இன்று எண்ணப்படுவது 1969 ஜனவரியில் நடந்தது. நடந்த இடம் நம் மண்டபம் முகாம். இரண்டாவது 1973இல்தான் ஆஸ்திரேலியாவில் கூடியது. அதற்கும் முன்பே, 1890களில், சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் ராமேசுவரத் தீவின் கடல் உயிர்களைப் பற்றி நூல் எழுதியிருக்கிறார். அவ்வளவு நெடிய மரபு இந்தக் கரைக்கு இருக்கிறது. (நவரத்தினங்களில் ஒன்றாக நாம் அணியும் சிவப்புப் பவளம் மட்டும் இக்கரைக்கு உரியதன்று. அது மத்தியதரைக் கடலில் வளரும் வேறோர் இனம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கக் கலங்களில் முசிறிக்கு வந்து இறங்கிய சரக்கு. அதற்கு ஈடாக நம்மவர்கள் மிளகும் முத்தும் ஏற்றியனுப்பினார்கள்.)

எனவே என் வேண்டுகோள் தமிழில் எழுதக்கூடியவர்களுக்கு. மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் கடலுக்குள் இறங்கிப் பவளத்தைப் படிக்கும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். கோமாளி மீன்களைக் கடலிலிருந்து பிடிக்காமல் குஞ்சுப் பொரிப்பகத்திலேயே பெருக்கும் முறையை மத்திய நிறுவனம் மண்டபத்தில் உருவாக்கிப் பலருக்குக் கற்பித்தும் இருக்கிறது. இவர்களுள் ஒருவர் தமிழில் நூறு பக்கக் கையேடு ஒன்றை எழுதினால், அதை நூற்றைம்பது ரூபாய்க்கு விற்க முடியும். அதில் லிட்டரும் செல்சியசும் இருக்கும். நம் குழாய் நீரும் நம் மின்தடையும் இருக்கும். சட்டத்தின் ஐந்து வகைகளும் முதல் பக்கத்திலேயே இருக்கும், மீனவர்கள் அவற்றுக்கு வழங்கும் பெயர்களோடு. பவளமே இல்லாமல், பொரிப்பகத்தில் பிறந்த இரண்டு கோமாளி மீன்களையும் சுட்ட மண்ணாலான செயற்கைப் பாறையையும் கொண்டு ஒரு கடல்நீர்த் தொட்டியைத் தொடங்கும் வழியும் ஓர் அத்தியாயமாக இருக்க வேண்டும். ஓராண்டு அதை உயிரோடு காத்தவர் மட்டும் மென்பவளத்தைப் பற்றிய அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம்.

அதுவரை, தொட்டிக்கென்று பணம் ஒதுக்கியிருக்கும் வாடிக்கையாளர்கள் அத்தொகையை ஆறு மாதத்துக்கு வைப்பு நிதியில் போட்டுவிட்டு, ஒரு பழைய நூலைத் தேடி வாங்கி, பென்சிலும் கையுமாக அமர்ந்து படிக்கலாம். ஆறு மாதம் கழித்து வரும் வட்டியில் டி.டி.எஸ். மீட்டரும் உப்புச் செறிவு அளக்கும் கருவியும் வாங்கிவிடலாம்.